லெஃப்ட் பேக் சுந்தரபாண்டி

ஜூன் 4, ஞாயிறு

எடை 61.4. தண்ணீர் 700 மில்லி.

இந்த நோட்டு எடையும் தண்ணீரும் குறிப்பதற்காக வாங்கியது. டயாலிசிஸ் செய்துகொள்பவரின் வீட்டில் யாராவது ஒருவர் தினமும் எழுதி வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இரண்டு எண்கள் போக மீதிப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. தாளை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

ஜனவரியில் என் கணவர் ஜெயசீலனின் இரண்டு சிறுநீரகங்களும் நின்றுபோயின. அவருக்கு ஐம்பத்திநாலு வயது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்கிறார் மதுரை டாக்டர். அரசுப் பட்டியலில் பெயர் கொடுத்திருக்கிறோம், வரிசை நீளம். அவருக்கு அப்பா அம்மா இல்லை, அண்ணனும் போய்விட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. சட்டப்படி நெருங்கிய உறவு என்றால் நான் ஒருத்திதான். அது ஏப்ரலிலேயே முடிந்துபோன பேச்சு.

இன்று மூவரும் வந்தார்கள். ஞாயிறு நாலு மணிக்கு வருவார்கள். மூன்று பேருமே அவரோடு ஹாக்கி ஆடியவர்கள். செல்வின் ரைட் அவுட், இப்போது உரக்கடை. மாடசாமி சென்டர் ஹாஃப், பள்ளியில் பி.டி. வாத்தியார். பால்வண்ணன் லெஃப்ட் பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவர்; இப்போது தண்ணீர் லாரி ஓட்டுகிறார். ஜெயசீலன் கோல் கீப்பர். ஹாக்கியால்தான் அவருக்கு நூற்பாலையில் வேலை கிடைத்தது. நாலு பேரும் இந்தியாவுக்கோ மாநிலத்துக்கோ ஆடியவர்கள் இல்லை. ஹாக்கிப் பைத்தியம் பிடித்த இந்த ஊரில் அதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

ஜூன் 18, ஞாயிறு

எடை 61.9. தண்ணீர் 800. வியாழக்கிழமை டயாலிசிஸில் கால் இழுத்துக்கொண்டது.

இன்றைய பேச்சு லாசர் அண்ணன். எல்லா வாரமும் எப்படியோ அங்கே போய்த்தான் சேரும். அவர் ஒரு ரயில்வே அணிக்கு ஆடியவர், மே மாத டோர்னமெண்டுக்கு வருவார். இவர்களுக்கு அப்போது பதினொரு வயது. அவர் தங்கியிருந்த லாட்ஜ் வாசலில் காலையிலிருந்து காத்துக் கிடப்பார்களாம். மட்டையின் பிடியிலிருந்து அவர் உரித்துப் போடும் பழைய டேப்பைப் பொறுக்கி வந்து, இவர்கள் உடைமரக் கிளையை வளைத்துச் செய்த மட்டையில் சுற்றிக்கொள்வார்களாம்.

"அந்த டேப்ப சுத்துன அன்னைக்கு மூணு கோல் போட்டேம்லே," என்றார் செல்வின்.

"ஆமா, எதுத்தாப்புல நின்னது என் தங்கச்சி," என்றார் மாடசாமி.

லாசர் அண்ணன் இறுதிப் போட்டியில் அடித்த கோலை மூவரும் விவரித்தார்கள். செல்வினின் கோல் வலது மூலையில் விழுந்தது. மாடசாமியுடையது கம்பத்தில் பட்டு உள்ளே போனது. பால்வண்ணனுடையதில் கீப்பரின் கால்களுக்கு நடுவே புகுந்தது. ஒரே மேட்ச், மூன்று சாட்சிகள், மூன்று கோல். நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். இந்த மாதிரித் தரவை மாணவர்கள் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஜெயசீலன் மட்டும், "நான் கோலப் பாக்கலலே. கீப்பர் மூஞ்சியத்தான் பாத்துட்டிருந்தேன்," என்றார்.

ஜூலை 2, ஞாயிறு

எடை 61.2. தண்ணீர் 650.

இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த பால்வண்ணன் இலையிலிருந்து தலையைத் தூக்காமலே, "எனக்கு ஓ பாசிட்டிவ்லே. அது எல்லாத்துக்கும் ஒத்துப்போகுமாம்லா? ஒண்ணு எடுத்துக்கோ," என்றார்.

யாருக்கும் உடனே புரியவில்லை.

"எதலே?" என்றார் ஜெயசீலன்.

"கிட்னிய. எனக்கு ரெண்டு எதுக்கு? நான் என்ன ஒன்ன மாதிரி படிச்ச ஆளா?"

செல்வின் சிரித்தார். பிறகு பால்வண்ணனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மாடசாமி கைகழுவ எழுந்து போனார், வெகுநேரம் கழுவினார்.

இந்த மனிதருக்கு இதில் என்ன ஆதாயம் என்று யோசித்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அது எனக்கு நிம்மதியாக இல்லை.

ஜூலை 9, ஞாயிறு

பால்வண்ணனின் மனைவி பேச்சியம்மாள் காலையில் தனியாக வந்தாள். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினாள்.

"யக்கா, நீங்க படிச்சவுங்க. உயிருக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?"

கொடுப்பவர்களில் பத்தாயிரத்துக்கு மூன்று பேர்தான் இறக்கிறார்கள் என்றேன். ஏப்ரலில் டாக்டர் எனக்குச் சொன்ன அதே எண்.

"அந்த மூணு பேருக்கும் பொண்டாட்டி இருந்திருப்பால்லா?" என்றாள்.

மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லி விடுங்க. வேண்டாம்னு சொன்னா எங்கூடப் பேச மாட்டாரு," என்று போய்விட்டாள்.

ஜூலை 20, வியாழன்

எடை 62.0. தண்ணீர் 700.

மதுரை மருத்துவமனையில் இந்த வேலைகளைப் பார்க்கும் பெண் போன் செய்தாள். ஷர்மிளா என்று பெயர், கனிவாகப் பேசுகிறாள். பால்வண்ணனின் பரிசோதனைகள் எல்லாம் பொருந்திவிட்டன. ஆனால் அவர் உறவினர் இல்லை. உறவல்லாத ஒருவர் கொடுப்பதென்றால் ஒரு கமிட்டி அனுமதி தர வேண்டும். காசுக்காக அல்ல, உண்மையான பாசத்தால் கொடுக்கிறார் என்று அவர்களை நம்பவைக்க வேண்டும். பழைய போட்டோ, கடிதம், சான்றிதழ் எது இருந்தாலும் கொண்டுவரச் சொன்னாள். இரண்டு பேரையும் தனித்தனியாக விசாரிப்பார்கள், சொல்வது பொருந்த வேண்டும்.

"அப்புறம் மேடம், நெருங்கிய உறவு ஏன் தரலைன்னு ஒரு படிவம் இருக்கு. உங்க ரிப்போர்ட் எல்லாமே நல்லா இருக்கறதால மருத்துவக் காரணம்னு போட முடியாது. ரெண்டாவது கட்டத்துல டிக் பண்ணணும்."

இரண்டாவது கட்டத்தில் 'விருப்பமில்லை' என்று அச்சடித்திருக்கிறது. டிக் செய்து, கையெழுத்திட்டு, உறையில் போட்டு ஒட்டினேன். காரணம் எழுத இடம் விடவில்லை. நல்ல படிவம்.

ஏப்ரலில் என் பரிசோதனை ரிப்போர்ட் வந்தபோது ஜெயசீலன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இந்த மூவரும்கூட ஒருமுறையும் கேட்டதில்லை. நாகரிகம் தெரிந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜூலை 21, வெள்ளி

எடை 61.7.

நேற்று எழுதியதைப் படித்தேன். விருப்பமில்லாததற்குக் காரணம் பயம் என்று எழுதினால் முழு உண்மை ஆகாது. 2001 மே மாதம் ஐந்தாவது மாதத்தில் குழந்தை கலைந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அவர் சாத்தூரில் ஏதோ ஒரு கோப்பைக்காக கோல் கம்பத்துக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். மூன்றாம் நாள் வந்தார். அரையிறுதியில் தோற்றதால் மூன்றாம் நாள். இல்லையென்றால் நாலாம் நாள்.

எழுதிப் பார்த்தால் அற்பமாகத்தான் இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் ஒரு டோர்னமெண்டுக்கும் வெளியூர் போகவில்லை என்பதையும் எழுத வேண்டும்.

ஆகஸ்டு 6, ஞாயிறு

எடை 62.3. தண்ணீர் 700.

கோப்பு தயாராகிறது. மாடசாமி ஒரு பெட்டி நிறைய போட்டோ கொண்டுவந்தார். பால்வண்ணனும் ஜெயசீலனும் தோளில் கைபோட்டு நிற்கிற படங்கள், எங்கள் கல்யாணத்தில் பால்வண்ணன் பந்தி பரிமாறுகிற படம். நடுநாயகமாக 1989 கல்லூரிகள் கோப்பையை வென்ற அணியின் போட்டோ. சட்டம் போட்டு இத்தனை வருடமாக எங்கள் ஹாலில் மாட்டியிருப்பதுதான். கோப்பில் வைப்பதற்காகச் சட்டத்தைக் கழற்றினேன். சட்டத்தின் அகலமான விளிம்பு மறைத்திருந்த அடிப்பகுதியில் பெயர்கள் அச்சாகியிருந்தன. பால்வண்ணன் நிற்கிற இடத்துக்குக் கீழே 'இரா. சுந்தரபாண்டி' என்று இருந்தது.

"இது யார்?" என்று கேட்டேன்.

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். செல்வின்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். "மதினி, அது பெரிய கதை!"

பெரிய கதையெல்லாம் இல்லை, மோசடி. பால்வண்ணன் பிளஸ் டூவில் தோற்று தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கல்லூரி அணிக்கு லெஃப்ட் பேக் இல்லை. சுந்தரபாண்டி என்ற ஒரு பி.காம். மாணவனின் பெயரில் பால்வண்ணனை இறக்கினார் கோச் வின்ஃபிரட் மாஸ்டர். கோப்பை வந்தது. சான்றிதழ் சுந்தரபாண்டிக்கு வந்தது. செய்தித்தாளும் சுந்தரபாண்டியைப் புகழ்ந்தது.

"அந்தப் பய மட்டைய எந்தப் பக்கம் புடிக்கணும்னு கேப்பான் மதினி. பொண்ணு பாக்கப் போன எடத்துல எல்லாம் ஹாக்கி சாம்பியன்னுதான் சொல்லிருக்கான்!"

"மாஸ்டரு எங்க நாலு பேரையும் பந்து மேல கைவச்சு சத்தியம் பண்ணச் சொன்னாரு," என்றார் பால்வண்ணன். அவர் சிரிக்கவில்லை. "வெளிய தெரிஞ்சா கோப்பையத் திருப்பி வாங்கிருவாங்கன்னு."

வேறு எங்கும் பெயர் எழுதிய ஆதாரம் இல்லை. இவர்கள் சேர்ந்து ஆடியதற்கு அச்சில் இருப்பது இது ஒன்றுதான். படத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் கமிட்டிக்கு ஏற்கனவே அனுப்பிய மனுவில் மாடசாமி, '1989-இல் கோப்பை வென்ற அணியில் ஒன்றாக ஆடியவர்கள்' என்று பெருமையாக எழுதிவிட்டார். எப்படியும் கேட்பார்கள்.

"கேட்டால் இரண்டு பேரும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். முப்பத்திநாலு வருடத்துக்கு முந்தைய ஹாக்கி மேட்சுக்காக யாரும் ஜெயிலில் போடமாட்டார்கள்," என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஆகஸ்டு 23, புதன்

மதுரை போய்வந்தோம். செல்வினின் காரில்.

முதலில் என்னை அழைத்தார்கள். மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். நீங்கள் ஏன் தரவில்லை என்று ஒரு பெண்மணி கேட்டார். விருப்பமில்லை என்றேன். எழுதிக்கொண்டார். அவ்வளவுதான்.

அடுத்து ஜெயசீலன். அடுத்து பால்வண்ணன். அவர் பேச்சியம்மாளின் அண்ணனிடம் இரவல் வாங்கிய வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். இருபது நிமிடம் கழித்து வியர்த்து வழிய வெளியே வந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

விருதுநகர் தாண்டியபோதுதான் ஜெயசீலனிடம் சொன்னார். "சமாளிச்சிட்டேம்லே, சீலா! அந்தப் போட்டோவத் தூக்கிக் காட்டி, இதுல நீ எங்கய்யா இருக்கன்னு கேட்டாரு ஒருத்தரு. நான் அசரல. அது சுந்தரபாண்டி சார், என்ன மாதிரியே இருப்பான், நான் அன்னைக்கு கேலரில உக்காந்து பாத்தேன்னுட்டேன்."

செல்வின் வண்டியை ஓரங்கட்டினார்.

"ஏன்லே அப்படிச் சொன்ன?" ஜெயசீலனின் குரல் எழும்பவே இல்லை.

"பின்ன? அந்த சர்ட்டிபிகேட்ட வச்சுத்தான ஒனக்கு மில்லுல வேல குடுத்தான்? அது கள்ள டீம்னு நாளைக்கு அவுங்க மில்லுக்கு ஒரு கடுதாசி போட்டா? வர வேண்டிய பணத்தை எல்லாம் நிறுத்திப்புட்டா? நீ இந்தக் கெடைல கெடக்கும்போது?" பால்வண்ணன் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். "நீ என்னலே சொன்ன?"

"அது பால்வண்ணன், பேர மாத்தி ஆடுனான்னு சொன்னேன்."

"சத்தியம் பண்ணோம்லாலே..."

"பண்ணோம்," என்றார் ஜெயசீலன்.

லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. பால்வண்ணன் இறங்கி, திரும்பவும் மதுரைப் பக்கம் பார்த்து நடக்க ஆரம்பித்தார். நான் போய் மறுபடி சொல்லிட்டு வாரேன் என்றாராம். செல்வின் ஓடிப்போய்க் கூட்டி வந்தார்.

செப்டம்பர் 9, சனி

எடை 63.1. தண்ணீர் 900.

கடிதம் வந்தது. கொடுப்பவரும் பெறுபவரும் தங்கள் தொடர்பு பற்றி முரணான தகவல்கள் தந்துள்ளனர். கொடுப்பவரின் பொருளாதார நிலையையும் கருத்தில் கொண்டு அனுமதி மறுக்கப்படுகிறது. மேல்முறையீடு செய்யலாம்.

அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன். ஏழை லாரி டிரைவர், வசதியான நோயாளி, பொருந்தாத கதை. தரவு அப்படித்தான் சொல்கிறது. தரவு தவறு.

செப்டம்பர் 10, ஞாயிறு

எடை 63.4. யாரும் வரவில்லை.

செப்டம்பர் 17, ஞாயிறு

எடை 62.8. செல்வினும் மாடசாமியும் வந்தார்கள். பால்வண்ணனை செல்வின் கடைக்கு வரவழைத்துக் கண்டபடி ஏசியிருக்கிறார். "கொன்னுட்டியேலே அவன" என்று சொன்னாராம். அதை எங்களிடமே சொல்லிவிட்டு அழுதார். உன் கிட்னிய நீ குடுக்க வேண்டியதான என்று பால்வண்ணன் திருப்பிக் கேட்கவில்லையாம். கேட்டிருந்தால் பரவாயில்லை என்றார்.

மேல்முறையீட்டை நான் எழுதி அனுப்பினேன். மூன்று மாதம் ஆகலாம்.

அக்டோபர் 1, ஞாயிறு

எடை 63.0. தண்ணீர் 600, அதுவே கனக்கிறது என்கிறார்.

மாலை கேட்டுக்கு வெளியே பால்வண்ணன் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. துணி எடுக்கப் போனபோது பார்த்தேன். உள்ளே வரச் சொன்னால் அசையவில்லை. ஜெயசீலன் ஜன்னல் வழியாகச் சத்தம் போட்டார்:

"ஏலே சுந்தரபாண்டி! உள்ள வாலே!"

வந்தார். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கமிட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அன்னைக்கு நீ கேலரில உக்காந்திருந்தா நாலு கோல் வாங்கிருப்பேன் நான்," என்றார் ஜெயசீலன்.

"அஞ்சு," என்றார் பால்வண்ணன்.

இருவரும் சிரித்தார்கள். அதற்குள் இவருக்கு மூச்சு வாங்கியது. நான் சமையலறைக்குப் போய் எரியாத அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 14, சனி

டயாலிசிஸ் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. இதயத்துக்கு எக்கோ எடுத்து ரிப்போர்ட்டை மதுரைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அக்டோபர் 20, வெள்ளி

பாதம் வீங்கியிருக்கிறது. செருப்பு நுழையவில்லை. பரீட்சைத் தாள்கள் நாற்பத்தேழு திருத்தினேன்.

அக்டோபர் 27, வெள்ளி

கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு மதுரை பஸ் ஏறினேன். அவரிடம் பல்கலைக்கழகத்தில் வேலை என்றேன். எப்போது முடிவெடுத்தேன் என்று கேட்டால் தெரியாது. முடிவெடுத்த மாதிரியே இல்லை. காலையில் அவர் பல் தேய்க்க நடந்து போனதைப் பார்த்தேன், பிறகு பஸ்ஸில் இருந்தேன்.

டாக்டரிடம், "நான் தருகிறேன். கமிட்டி தேவையில்லை. எவ்வளவு சீக்கிரம் முடியும்?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திருப்பினார். எக்கோ. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்ற அளவு. ஏப்ரலில் ஐம்பத்தைந்து. ஆகஸ்டில் நாற்பத்தைந்து. இப்போது இருபது. அறுவைசிகிச்சையை அந்த இதயம் தாங்காது, மயக்க மருந்து கொடுக்கவே யாரும் சம்மதிக்க மாட்டார்கள் என்றார்.

"மருந்தில் தேறினால்?"

"தேறினால் பார்க்கலாம்." பேனாவை மூடினார். "மேடம், ஏப்ரலில் நீங்க..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நல்ல மனிதர்.

மூன்று எண்கள் போதும், கோடு போட. அந்தக் கோடு எங்கே போய் முடியும் என்று கண்டுபிடிக்க முதலாண்டு மாணவனுக்குத் தெரியும்.

அக்டோபர் 29, ஞாயிறு

எடை 64.2. தண்ணீர் 500.

காலையில் அவருக்குச் சவரம் செய்துவிட்டேன். கன்னத்தில் நுரை இருக்கும்போதே சொன்னேன். முகத்தைப் பார்க்காமல் சொல்வதற்கு அது வசதியாக இருந்தது. டாக்டரிடம் போனேன், தருகிறேன் என்றேன், முடியாது என்றார். மூன்று வாக்கியம்.

அவர் அசையாமல் இருந்தார். கத்தி தொண்டைப் பக்கம் இருந்தது. எடுத்துவிட்டேன்.

"இத பயலுகட்ட சொல்லிராத, தமயந்தி," என்றார்.

"எதை?"

"நீ குடுக்கேன்னு போனத. ஒனக்கு சுகர்னு சொல்லி வச்சிருக்கேன் அவனுகட்ட. ஏப்ரல்லயே சொல்லிட்டேன். ரிப்போர்ட்ட வாங்கிட்டு வந்தது நான்தான? இன்சுலின் போடுறான்னு கூட ஒரு வார்த்த சேத்துச் சொல்லிருக்கேன்."

துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"இப்பத் தெரிஞ்சா தப்பா நெனைப்பானுக. கோவக்காரப் பயலுக. நான் போனப்புறம் ஒன்ன எட்டிப் பாக்க இந்த மூணு பேருதான் இருக்கானுக. வேற யாரு வருவா?"

மீதிக் கன்னத்தையும் வழித்துவிட்டேன்.

நாலு மணிக்கு மூவரும் வந்தார்கள். மாடசாமிக்குப் பேத்தி பிறந்திருக்கிறது, லட்டு கொண்டுவந்தார். ஜெயசீலன் ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தார். டப்பா கைமாறி வந்து, என் முன்னால் நீளும்போது பால்வண்ணன் அதைப் பிடித்து நிறுத்தினார்.

"மதினிக்கு வேண்டாம்லே. கூறில்ல ஒனக்கு?" என்று மாடசாமியை அதட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் கண்களில் இருந்த அக்கறையை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். என்னவென்று தெரியாமல் பார்த்திருக்கிறேன். "இப்ப எவ்வளவு மதினி இருக்கு?"

ஜெயசீலன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெறும் வயிற்றில் நூற்றுத் தொண்ணூறு," என்றேன்.